காது எட்டும் வயது

புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்று சொல்லித்தான் என்னைக் கட்டிக் கொடுத்தார்கள். நான் சொல்வேன். அவன் பெயர் சன்னாசி. ஆசையை விட்டவனுக்கு வைக்கிற பெயரை எந்தப் புண்ணியவான் அவனுக்கு வைத்தானோ தெரியாது. அவனுக்கு ஒரு ஆசை இருந்தது, தண்டல் ஆகவேண்டும் என்று. தண்டல் என்றால் கங்காணிக்குக் கீழே நின்று ஒரு கூட்டத்தை வேலை வாங்குகிறவன். கையில் கம்பு, கக்கத்தில் குடை, வாயில் வெற்றிலை. பட்டையைச் சீவி ரப்பர் மரம் வெட்ட வேண்டாம், பால் வாளி தூக்க வேண்டாம். "ஏய், அங்க என்ன பேச்சு" என்று அதட்டினால் போதும். அந்தக் கம்புக்காக ஒருத்தன் என்னவெல்லாம் செய்வான் என்று எனக்கு அப்போது தெரியாது. தெரிந்த பிறகு அவன் சாப்பிட்ட தட்டைக் கழுவக்கூட எனக்குக் கை கூசியது.

அப்போது நாங்கள் சிலிம் ரிவருக்குப் பக்கத்தில் நெட்டைத்துரை தோட்டத்தில் இருந்தோம். தோட்டத்துக்கு வெள்ளைக்காரப் பெயர் ஒன்று உண்டு. எங்கள் வாயில் நுழையாது. ரப்பர் விலை ஏறிக் கிடந்த நேரம். நாலைந்து வருஷத்துக்கு முன்னால் விலை விழுந்துவிட்டது என்று லயத்து வரிசை வீடுகளில் பாதிப் பேரைக் கப்பலேற்றி ஊருக்கு விரட்டினார்கள். விரட்டிய அதே ஆட்கள் இப்போது ஆள் போதவில்லை என்று அலைந்தார்கள். விரட்டிய அந்த வருஷத்தில்தான் என் மகள் நவமணி பிறந்தாள். தேதி யார் எழுதி வைத்தார்கள்? நாலு முடிந்து ஐந்து நடந்துகொண்டிருந்தது என்பது என் கணக்கு.

விடிவதற்கு முன்னால் அவளை ஆயக்கொட்டகையில் விட்டுவிட்டு மரம் வெட்டப் போவேன். அங்கே ஆயா காளியம்மா முப்பது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வாள். பார்த்துக்கொள்வது என்றால், சாயங்காலம் முப்பதும் இருக்கிறதா என்று பார்ப்பது. அதற்கு மேல் அவளைக் கேட்பதும் நியாயமில்லை. அதனால் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதெல்லாம் வீட்டில்தான். எனக்கு எழுத்துத் தெரியாது. தெரிந்ததைச் சொல்லிக் கொடுத்தேன். ரப்பர் கொட்டைகளைக் குவித்து வைத்துப் பெரியது சிறியது பிரிக்கச் சொல்வேன். அரிசியில் கல் பொறுக்கச் சொல்வேன். உலை கொதிக்கிறவரை அன்றைக்குக் கொட்டகையில் நடந்ததை முதலில் என்ன, பிறகு என்ன என்று வரிசையாகச் சொல்லவைப்பேன். இருபது வரை தப்பில்லாமல் எண்ணுவாள். "ஏன்மா இருபதுக்கு மேல இல்லையா?" என்று ஒருநாள் கேட்டாள். இருக்கிறது, அதை வாத்தியார் சொல்லித் தருவார் என்றேன்.

கோயிலுக்குப் பக்கத்தில் தோட்டப் பள்ளிக்கூடம் இருந்தது. அத்தாப்பு ஓலைக் கூரை, நாலு பெஞ்சு, பிச்சைமுத்து என்று ஒரு வாத்தியார். அங்கே சேர்ப்பதற்கு ஒரே ஒரு பரீட்சைதான். பிள்ளை வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடவேண்டும். தொட்டால் வயது வந்துவிட்டது, சேர்த்துக்கொள்வார். தொடாவிட்டால் அடுத்த வருஷம். நவமணிக்கு விரல் காதுக்கு ஒரு கட்டை விரல் அளவு மேலேயே நின்றுவிடும். நானும் அவசரப்படவில்லை. சோறும் கீரையும் கொடுத்தால் கை தானாக வளரும் என்று இருந்தேன்.

சன்னாசி அதுவரை மகளைத் தூக்கிப் பார்த்தவன் இல்லை. கள்ளுக்கடையிலிருந்து வந்தால் அவள் கால் மிதிபடாமல் நான்தான் இழுத்துப் போடவேண்டும். அப்படிப்பட்டவன் கார்த்திகை மாதம் ஒருநாள் மகளை முன்னால் உட்காரவைத்து, "காதத் தொடு பாப்போம்" என்றான். மறுநாளும் சொன்னான். அதற்கடுத்த நாள் கள்ளுக்கடைக்குப் போகாமலே வந்து சொன்னான். எனக்கு நம்ப முடியவில்லை.

"பள்ளிக்கூடத்துக்கா?" என்று கேட்டேன்.

"பின்ன எதுக்கு?" என்றான்.

நல்லெண்ணெயைக் காய்ச்சி அவள் தோளிலும் அக்குளிலும் தேய்ப்பான். கையை மேலே தூக்கி மெதுவாக இழுத்துவிடுவான். தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொள், தோளை இப்படி ஏற்று, விரலை நீட்டு என்று சொல்லித் தருவான். அவளுக்கு அப்பன் தன்னோடு பேசுகிறான் என்பதே பெரிய திருவிழா. அவன் வருகிற சத்தம் கேட்டாலே கையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுவாள். நான் அடுப்படியில் உட்கார்ந்து அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்பை என் வாயிலிருந்து பிடுங்கி எறியலாம் போல இருக்கிறது.

தை மாதம் வந்தது. பிள்ளைக்கு முந்தின வருஷம் காய்ச்சல் வந்தபோது முருகனுக்கு முடி நேர்ந்துகொண்டதாகச் சொன்னான். எனக்குத் தெரியாமல் எப்போது நேர்ந்தான் என்று நான் கேட்கவில்லை. சாமி காரியத்தில் குறுக்கே பேசலாமா? பூசத்துக்கு ரயில் ஏறி ஈப்போ போனோம். கல்லுமலைக் கோயிலில் கூட்டத்துக்குள் மொட்டை போட்டு, சந்தனம் பூசி, அவளை அவன் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். அந்தத் தோளில் என் பிள்ளை உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, எல்லாரும் சொல்வதுபோல எனக்கும் ஒரு புருஷன் இருக்கிறான் என்று கண் கலங்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் காலைக்கூடக் கழுவாமல், "இப்பத் தொடு" என்றான். தொட்டாள். தலையில் முடி இல்லாததால் அந்தக் கட்டை விரல் அளவு குறைந்துவிட்டது. விரல் நுனி காது மடலில் பட்டது. அவன் துள்ளினான். நான் கை தட்டினேன். ஒரு தடவை இல்லை, பிள்ளை தொட்டுக் காட்டக் காட்டத் தட்டினேன்.

மூன்றாம் நாள் குழாயடியில் தண்ணீர் பிடிக்கும்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அடுத்த லயத்து முத்தம்மா தன் பையன் சீனியையும் மொட்டைத் தலையோடு கூட்டி வந்திருந்தாள்.

"ஒம் மவனுக்கும் நேந்திருந்தியா?" என்று கேட்டேன்.

"அட நீ வேற. மொட்ட போட்டா காது சுருக்கா எட்டும்னு ஒன் வீட்டுக்காரருதான் சொன்னாரு. இவனுக்கும் அவருதான் சொல்லிக் குடுத்தாரு. கடேசி லயத்துப் பத்துமலை மவளுக்கும் அவருதான்."

"பள்ளிக்கூடத்துல சேக்கவா?"

முத்தம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒனக்குத் தெரியாதா அக்கா? புல்லுப் புடுங்குற கூட்டத்துக்குலா. பதினேழு உருப்படிதான் இருக்காம். இருவது ஆனா தனித் தண்டல் போட்டுக்கலாம்னு துரை சொல்லிட்டாராம். மூணு பேரக் கொண்டாந்தா ஒனக்குத்தான் தண்டல்னு உடையப்பன் கங்காணி அவருக்கு வாக்குக் குடுத்திருக்காரு. காது எட்டுற புள்ளயத்தான் பெரட்டுல எழுதணுமாம், அதுக்குத்தான் இந்தப் பாடு."

"ஒம் மவனுக்கு அஞ்சு வயசு."

"வீட்ல இருந்து என்னத்தக் கிழிக்கப் போறான். இதுன்னா அரைக்கூலி வரும்" என்று அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

 பிள்ளையின் தோளில் தேய்த்த எண்ணெய், முருகன் பெயரைச் சொல்லி இறக்கிய முடி, ரயிலில் அவளுக்கு வாங்கிக் கொடுத்த பொரி, எல்லாம் ஒரு கம்புக்கும் குடைக்கும். சந்தைக்குக் கொண்டுபோகிற மாட்டைக் குளிப்பாட்டிப் பொட்டு வைக்கிறவன்கூட அந்த மாட்டிடம் இதைச் சாமி காரியம் என்று சொல்வதில்லை. அதைவிடக் கேவலம், நான் பக்கத்தில் உட்கார்ந்து கை தட்டியிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் அவனிடம் கேட்டேன். மறுக்கவில்லை. மறுத்திருந்தால்கூடக் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும்.

"புல்லுப் புடுங்குறது ஒரு வேலையா? வெளையாட்டு மாரிதான். எங் கண்ணு முன்னாடிதானே இருக்கப்போவுது, வேற எவன்கிட்டயும் விடலயே."

"அவளுக்கு அஞ்சுகூட ஆவலைங்க. வெயில்லயும் அட்டையிலயும் கெடந்து சாவவா?"

"தண்டல் மவளுக்கு நெழல்லதான் வேல குடுப்பேன்" என்றான். ஏற்கெனவே தண்டலாகிவிட்டவன்போல வெற்றிலையைத் துப்பினான். வருகிற திங்கட்கிழமை பெரட்டில், காலையில் பெயர் கூப்பிடுகிற வரிசையில், எழுதுவார்கள் என்றான்.

நாலு நாள் இருந்தது. சண்டை போட்டால் அடிப்பான். அடித்தாலும் நடக்கப்போவது நடக்கும். கங்காணியிடம் போய் அழலாம் என்றால் அவன்தான் இதைக் கிளப்பிவிட்டவன். துரை எங்கள் பேச்சைக் கேட்கிற இடத்தில் இல்லை. பள்ளிக்கூடத்தில் சேர்த்தாலும் அப்பன் இழுத்துக்கொண்டு போனால் யார் தடுப்பார்கள் என்று நினைத்தேன். எனக்கு ஒரே ஒரு வழிதான் தோன்றியது. காது எட்டினால்தானே எழுதுவார்கள்? எட்டக் கூடாது.

அவன் இல்லாத நேரத்தில் நவமணியை முன்னால் உட்காரவைத்தேன். "கைய உச்சந்தலையோட நிறுத்திக்கணும். அதுக்கு மேல போவக் கூடாது" என்றேன்.

"எனக்கு எட்டுதேம்மா" என்று தொட்டுக் காட்டினாள்.

"எட்டும். ஆனா எட்டாதுன்னு சொல்லணும். எட்டுனா ஒன்னயப் புல்லுக்குக் கொண்டுபோயிருவாங்க. அப்புறம் அம்மாகிட்ட வரவே முடியாது."

அவள் கண் பெரிதானது. "அப்பா கேட்டா?"

"அப்பாகிட்ட வீட்ல காட்டு. வெளிய யாரு கேட்டாலும் எட்டாது. யாரு கேட்டாலும்."

அவளுக்குப் புரிந்தது. புரியவேண்டும் என்றுதானே இத்தனை நாள் கல் பொறுக்கவும் கொட்டை எண்ணவும் பழக்கினேன். நாலே நாளில் அழகாகக் கற்றுக்கொண்டாள். விரல் உச்சந்தலைக்கு வந்ததும் விரல்களை மடக்கிக் குத்தாக வைத்துக்கொண்டு, உதட்டைப் பிதுக்கி, "எட்டல" என்பாள். நான் அவளைக் கட்டிக்கொண்டேன். என் மகள் தன் வாழ்க்கையில் சொன்ன முதல் பொய் அது. பக்கத்தில் உட்கார்ந்து திருத்தித் திருத்தி நான் சொல்லிக் கொடுத்தது. அப்பன் எட்டச் சொல்கிறான், அம்மா எட்டாதே என்கிறாள். அந்தச் சின்னத் தலைக்குள் இரண்டு பேரும் மாறி மாறிக் கை விட்டுக் கலக்கினோம்.

திங்கட்கிழமை கருக்கலிலேயே பெரட்டுக் களத்தில் எல்லாரும் வரிசையாக நின்றோம். தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணி மேஜை மேல் விளக்கை வைத்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு முடித்தார். பக்கத்தில் உடையப்பன் கங்காணி கோட்டும் தலைப்பாகையுமாக நின்றான். சன்னாசி வெள்ளை வேட்டி கட்டியிருந்தான். மூன்று பிள்ளைகளும் முன்னால் வந்தன. சீனி தொட்டான். பத்துமலையின் மகள் தொட்டாள். அடுத்தது என் பிள்ளை.

கை மேலே போனது. உச்சந்தலையில் குத்தாக நின்றது. "எட்டல" என்றாள்.

சன்னாசி சிரித்தான். "வெக்கப்படுது ஐயா. மணி, வீட்ல காட்டுனியே, காட்டு."

"எட்டல."

அவன் சிரிப்பு போய்விட்டது. குனிந்து அவள் முழங்கையைப் பிடித்துக் காதுப் பக்கமாக இழுத்தான். நான் வரிசையிலிருந்து வெளியே வந்துவிட்டேன். அவள் முகம் சுருங்கியது, ஆனால் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கையை அப்படியே வைத்திருந்தாள். அவன் திருகினான். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கிராணிக்குத்தான் பொறுமை போயிற்று. "விடுலா, நேரமாவுது" என்றார். "காது எட்டுனா என்ன, எட்டாட்டி என்ன. புல்லு தரையிலதானே இருக்கு. துரை கேட்டா எட்டுச்சுன்னு சொல்லிக்கலாம். பேரச் சொல்லு."

உடையப்பன் கங்காணி வாய்விட்டுச் சிரித்தான். வரிசையிலும் சிரிப்பு ஓடியது. சன்னாசி சத்தமாகப் பெயரைச் சொன்னான். எழுதிக்கொண்டார்கள். அந்தப் பரீட்சைக்காக நாலு நாள் நான் தூங்கவில்லை. அவர்களுக்கு அது கொட்டாவி விடுகிற நேரத்தில் முடிகிற சடங்கு.

நான் மேஜைக்கு முன்னால் போய் நின்றேன். "ஐயா, இவ பள்ளிக்கூடம் போற புள்ள."

"போற புள்ளயா, போவப்போற புள்ளயா?"

"இன்னைக்குச் சேத்திருவேன்."

கிராணி என்னைப் பார்த்தார். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன், அலுத்துப்போன மனிதர். "பள்ளிக்கூடத்துப் புள்ளய நான் எழுதக் கூடாது. மரத்த வெட்டிட்டுப் போயி சேரு. வாத்தியாரு சேத்துக்கிட்டேன்னு சொல்லி அனுப்புனா பேர அடிச்சிடுறேன். இல்லாட்டி நாளைக்குக் காலையில பெரட்டுல நிக்கணும்."

அன்றைக்கு நான் எப்படி மரம் வெட்டினேன் என்று எனக்கே தெரியாது. பாலைக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு ஓடிவந்து, அவளைக் குளிப்பாட்டி, இருந்ததில் நல்ல பாவாடையைக் கட்டிப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மத்தியானப் பாடம் தொடங்கியிருந்தது. பிச்சைமுத்து வாத்தியார் வெளியே வந்தார். விஷயத்தைச் சொன்னேன். நல்லது என்றார். பெயர் கேட்டார், அவள் சொன்னாள். எத்தனை வரை எண்ணுவாய் என்றார், இருபது வரை எண்ணிக் காட்டினாள். வாத்தியார் சந்தோஷப்பட்டார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"காதத் தொடும்மா" என்றார்.

கை மேலே போனது. உச்சந்தலையில் குத்தாக நின்றது.

"மணி, இங்க தொடலாம். இங்க தொடணும்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கண்ணில் ஒரு கள்ளத்தனம், அம்மா என்னைச் சோதிக்கிறாள் என்பதுபோல. "எட்டல" என்றாள்.

"எட்டும் ஐயா. நாந்தான் தொடாதன்னு சொல்லி வச்சேன்."

"எல்லா அம்மாவும் இப்பிடித்தான் சொல்லுவாங்க" என்றார் வாத்தியார். "வயசு பத்தாத புள்ளயச் சேத்தா, மேல இருந்து பாக்க வாரவங்க எங் கழுத்தப் புடிப்பாங்க. அடுத்த வருஷம் கூட்டிட்டு வா."

"கண்ணு, இது புல்லு இல்ல, பள்ளிக்கூடம். தொடுடி. தொட்டாத்தான் அம்மாகூட இருக்கலாம்."

"எட்டுனா புல்லுக்குக் கொண்டுபோயிருவாங்க" என்று எனக்கே திருப்பிச் சொன்னாள். குத்தை இன்னும் இறுக்கினாள்.

அப்போது நான் செய்ததை யாரிடமும் சொன்னதில்லை. அவள் முழங்கையைப் பிடித்தேன். காலையில் அவன் பிடித்துத் திருகிய அதே முழங்கை. பிடித்துக் காதுப் பக்கமாக இழுத்தேன். அப்பனிடம் கத்தாத பிள்ளை என்னிடம் கத்தினாள். உள்ளே இருந்த பிள்ளைகள் எல்லாம் பாட்டை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தன. வாத்தியார், "சீ, விடு. நீயெல்லாம் ஒரு தாயா?" என்றார். விட்டேன். குளிப்பாட்டியும் போகாமல் அவள் கையில் ஊறியிருந்த எண்ணெய்ப் பிசுக்கு என் உள்ளங்கையில் ஒட்டியிருந்தது. அதை என் சேலையில் துடைத்தேன், மண்ணில் தேய்த்தேன், போகவில்லை.

திரும்பி வரும்போது அவள் என் இடுப்பில் ஏறமாட்டேன் என்று தானே நடந்தாள். பாதி வழியில் அழுகை ஓய்ந்ததும், "நான் எட்டவே இல்ல, பாத்தியா?" என்றாள். பார்த்தேன் என்றேன்.

மறுநாள் காலை பெரட்டில் புல்லுக் கூட்டம் தனி வரிசையாக நின்றது. சன்னாசி கம்பும் புதுக் குடையுமாக அதற்கு முன்னால் நின்றான். கிராணி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். சீனி பெயர் வந்தபோது அவன் விழித்துக்கொண்டு நின்றான், முத்தம்மா வரிசையிலிருந்து பதில் குரல் கொடுத்தாள். கடைசியாக, இருபதாவதாக, நவமணி என்று கூப்பிட்டார்.

"இருக்கேன் ஐயா" என்று அவள் நிமிர்ந்து நின்று சொன்னாள். பெரிய ஆட்கள் சொல்வதுபோலவே சொன்னாள். அதை அவன் சொல்லிக் கொடுக்கவில்லை, நானும் சொல்லிக் கொடுக்கவில்லை. முன்னால் நின்றவர்களைப் பார்த்து அவளாகவே கற்றுக்கொண்டாள்.